ஜேர்சி சிற்றியை முப்பது வருடம் ஆண்டவர்

மலர்க்குழுவினர் வருடாவருடம் என்னிடம் ஒரு பெரியாரின் வாழ்க்கையைப் பற்றி எழுதித் தரும்படி கேட்பார்கள். நாவலர், சேர் பொன். இராமநாதன், தனிநாயகம் அடிகள், தந்தை செல்வா என்று எங்கட பெரியார்கள் எல்லோரையும் எங்கட மலர்கள் பலமுறை கண்டுவிட்டன. இந்தச் சித்திரைக்கு நாங்கள் வந்து குடியிருக்கிற இந்த நியூ ஜேர்சி மண்ணிலேயே ஒருவரை எடுப்போம் என்று நினைத்தேன். அவரைப் பெரியார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் பெரிய ஆள் என்பதில் சந்தேகமில்லை. பெயர் பிராங் ஹேக். 1917 தொடக்கம் 1947 வரை, இடைவெளி இல்லாமல் முப்பது வருடம் ஜேர்சி சிற்றியின் மேயராக இருந்தவர்.

இவரை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. எங்கட சங்கக் கூட்டங்களில், குடியுரிமை எடுத்தவர்களில் எத்தனை பேர் வாக்காளர் இடாப்பில் பதிந்திருக்கிறீர்கள் என்று கேட்டால் கை உயர்த்துபவர்கள் கொஞ்சப் பேர்தான். ஜனாதிபதித் தேர்தல் என்றால் விடிய விடிய ரீவிக்கு முன்னால் இருப்போம். நகரசபைத் தேர்தல் எப்ப நடக்குது என்பதே பலருக்குத் தெரியாது. குப்பை எடுக்கிறதும், தெருவிளக்கும், பொலிசும், வீட்டு வரியும் அந்தச் சபையின் கையில்தான் இருக்கின்றன. (நியூ ஜேர்சியில் தேர்தலுக்கு 21 நாட்களுக்கு முன்னரே பெயர் பதிய வேண்டும். போன முறை எனக்குத் தெரிந்த மூன்று வீட்டுக்காரர் அந்த நாள் கடந்த பிறகுதான் என்னிடம் விசாரித்தார்கள்.) இந்த ஹேக் என்ற மனுசன் நகரசபைத் தேர்தலின் பெறுமதியை நன்றாக அறிந்தவர். அதைப் பிடித்துத்தான் மேலே ஏறினார். விழுந்ததும் அப்படியொரு தேர்தலில்தான்.

ஹேக் 1876ஆம் ஆண்டு ஜனவரி 17ஆம் திகதி ஜேர்சி சிற்றியின் இரண்டாம் வட்டாரத்தில் பிறந்தார். தாய் தகப்பன் அயர்லாந்தின் கவன் என்ற பகுதியில் இருந்து கப்பல் ஏறி வந்தவர்கள். வீட்டில் எட்டுப் பிள்ளைகள். அந்தப் பகுதிக்கு ஊர்ச்சனம் வைத்த பெயர் குதிரை லாடம். 1871இல் மாநிலச் சட்டசபையில் பலமாக இருந்த றிப்பப்ளிக்கன் கட்சிக்காரர் தொகுதி எல்லைகளைத் திருப்பிக் கீறினார்கள். டெமோக்கிரட் கட்சிக்குப் போடுகிற அயர்லாந்துக்காரரின் வோட்டுகளை எல்லாம் ஒரே தொகுதிக்குள் அடைத்துவிட்டால் மற்றத் தொகுதிகளில் அவர்களின் கரைச்சல் இராது என்பது கணக்கு. அப்படி வளைத்து வளைத்துக் கீறியதில் தொகுதி லாடத்தின் வடிவத்தில் வந்துவிட்டது. திருகோணமலை, அம்பாறைத் தொகுதிகளின் கதை தெரிந்த எங்களுக்கு இதை மேலும் விளக்கத் தேவையில்லை.

பள்ளிக்கூடம் அவருக்குச் சரிவரவில்லை. ஆறாம் வகுப்போடு, பதின்மூன்று பதினான்கு வயதில், திருத்த முடியாத பெடியன் என்று வெளியே விட்டுவிட்டார்கள். றெயில் நிலையத்து வேலைத்தளத்தில் கொல்லனுக்கு உதவியாளாகக் கொஞ்சநாள் நின்றார். பிறகு ஒரு குத்துச்சண்டைக்காரனுக்கு மனேச்சராகத் திரிந்தார். கையில் காசு இல்லாவிட்டாலும் நல்ல உடுப்புப் போடுவதில் அந்த நாளிலேயே கவனம். இந்தப் பழக்கம் கடைசிவரை போகவில்லை.

1896இல் அந்த வட்டாரத்தில் தவறணை வைத்திருந்த கெனி என்பவர் ஹேக்கைக் கூப்பிட்டு கொன்ஸ்டபிள் பதவிக்குத் தேர்தலில் நிற்கும்படி சொன்னார். அங்கே அந்தப் பதவிக்கும் தேர்தல்தான். சனத்தோடு பழகிச் சினேகிதம் பிடிப்பதற்கென்று 75 டொலரும் கொடுத்தார். அந்தக் காசு எங்கே எப்படிப் போயிருக்கும் என்று உங்களுக்கே விளங்கும். இருபது வயது ஹேக் மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் வென்றார். இந்தத் தவறணைக்காரரை வாசகர்கள் மறக்க வேண்டாம். அவருக்கு அப்போது மூன்று வயதில் ஜோன் என்றொரு மகன் இருந்தான். அவன் பிறகு வருவான்.

1904இல் ஒரு சம்பவம். ஹேக்கின் பழைய கூட்டாளி ஒருவன் மோசடி வழக்கொன்றில் பொஸ்ரனில் பிடிபட்டுவிட்டான். அவன் அந்த நாளில் ஜேர்சி சிற்றியில்தான் நின்றான் என்று சாட்சி சொல்ல ஹேக் பொஸ்ரனுக்குப் போனார். அதனால் இங்கே ஒரு நீதிமன்ற அழைப்பை மீற வேண்டி வந்தது. அவமதிப்புக் குற்றம், தண்டப் பணம், உத்தியோகமும் போனது. பத்திரிகைகள் கிழித்து எழுதின. ஆனால் குதிரை லாடத்தில் அவருடைய மதிப்பு ஏறிவிட்டது. கூட்டாளிக்காகப் பொய்ச் சாட்சி சொல்லப் போனவன் எங்களையும் கைவிடமாட்டான் என்று சனம் நினைத்தது. இது சரியா பிழையா என்று நான் சொல்ல வரவில்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போது அயர்லாந்துக்காரன் வேண்டாம் என்று அறிவித்தல் போட்ட காலத்தை அனுபவித்த சனம் அது. அவர்களுக்குச் சட்டம் தூரத்தில் இருந்தது, ஹேக் பக்கத்து ஒழுங்கையில் இருந்தார்.

1913இல் ஜேர்சி சிற்றி ஒரு புதிய ஆட்சிமுறைக்கு மாறியது. மேயரையும் சபையையும் தனித்தனியே தெரியாமல், ஐந்து ஆணையாளர்களைச் சனம் தெரிவு செய்யும். ஒருவர் பொலிசையும் தீயணைப்பையும் பார்ப்பார், ஒருவர் தெருக்களை, ஒருவர் பூங்காக்களை என்று பிரித்துக்கொள்வார்கள். அந்த ஐவரும் தங்களுக்குள் ஒருவரை மேயராக்குவார்கள். வாக்குச் சீட்டில் கட்சிப் பெயர் இராது. ஒவ்வொரு வாக்காளருக்கும் ஐந்து பேருக்குப் போடலாம். இந்த முறையை நினைவில் வைத்திருங்கோ, 1949க்குத் தேவைப்படும். ஹேக் அந்த முதல் ஐவரில் ஒருவராக வந்து பொலிஸ் இலாகாவை எடுத்துக்கொண்டார். கடமையில் குடித்த பொலிஸ்காரரை வீட்டுக்கு அனுப்பினார், விபசார விடுதிகளை மூடினார். பெண்கள் இரவில் பயமில்லாமல் நடக்கலாம் என்ற பெயர் அந்த நகரத்துக்கு வந்தது. 1917இல் தன் அணிக்கு, எசமான் இல்லாதவர்கள் என்று பொருள்படும் ஒரு பெயரை வைத்துத் தேர்தலுக்குப் போய் வென்று மேயரானார். நாற்பத்தொரு வயது. அதன்பிறகு அந்த நகரத்தில் எசமான் என்றால் அவர் ஒருவர்தான்.

எப்படி முப்பது வருடம் பிடித்து வைத்திருந்தார்? பலர் பொலிஸ் அடியையும் கள்ளவோட்டையும் சொல்வார்கள். அவை இரண்டும் இருந்தன. ஆனால் அவை மாத்திரம் போதாது. ஊரில் விதானையாருக்கு ஒவ்வொரு வீட்டுக் கதையும் தெரிந்திருக்குமே, அதுபோல ஹேக்கின் ஆட்கள் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். வட்டாரத்துக்கு ஒரு தலைவர், அவருக்குக் கீழே சில தெருக்களுக்கு ஒருவர். எந்த வீட்டில் வேலை இல்லை, எந்த வீட்டில் நிலக்கரி முடிந்தது, எந்த வீட்டில் பெடியன் பொலிசில் மாட்டினான் எல்லாம் அவர்களுக்குத் தெரியும். செத்த வீட்டுக்கு முதலில் வருபவர் அவர்தான். 1920இல் பெண்களுக்கு வாக்குரிமை வந்தபோது மற்ற அரசியல்வாதிகள் யோசித்துக்கொண்டு நிற்க, ஹேக் மேரி நோர்ட்டன் என்ற பெண்மணியைக் கூட்டி வந்து பெண்களைத் திரட்ட வைத்தார். 1924இல் அவரைக் கொங்கிரசுக்கும் அனுப்பினார். நோர்ட்டன் அம்மையார் 1951 வரை அங்கே இருந்தார். ஆகக் குறைந்த சம்பளத்தையும் வேலை நேரத்தையும் நிர்ணயித்த 1938ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கீழ்ச்சபையில் கொண்டு நடத்தியவர் அவர். இன்றைக்கு நாங்கள் நாற்பது மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கேட்கிறோமே, அது அந்தச் சட்டத்தில் இருந்து வந்தது. அதே 1938இல் ஹேக் தன் நகரத்தில் தொழிற்சங்கக்காரருக்கு என்ன செய்தார் என்பது கீழே வருகிறது.

இதற்கெல்லாம் காசு வேண்டும். நகரசபை உத்தியோகத்தர் ஒவ்வொருவரும் சம்பளத்தில் நூற்றுக்கு மூன்று வீதம் கட்சிக்குக் கட்ட வேண்டும். காசு கட்டுகிற அந்த நாளுக்கு அவர்கள் பகிடியாக வைத்த பெயர் அரிசிப் பாயாச நாள். பாயாசம் யாருக்குக் கிடைத்தது என்று கேட்க வேண்டாம். ஹேக்கின் மேசையைப் பற்றி இன்னொரு கதை. சாதாரண மேசையில் லாச்சி எங்கள் பக்கம் இழுபடும். அவருடைய மேசையின் லாச்சியை எதிரே இருக்கிறவரின் பக்கம் தள்ளலாம். வந்தவர் கொண்டுவந்ததைப் போட்டால் உள்ளே இழுத்துக்கொள்வார். மேயர் சம்பளம் வருடத்துக்கு எட்டாயிரம் டொலர் அளவில் இருந்தது. ஆனால் நியூ யோர்க்கில் பார்க் அவனியூவில் வீடு, கடற்கரையில் ஒரு மாளிகை, புளோரிடாவில் இன்னொன்று, கோடையில் ஐரோப்பியப் பயணம். 1928, 29இல் மாநிலச் சட்டசபைக் குழு இந்தக் காசு எங்கிருந்து வந்தது என்று விசாரித்தது. பதில் சொல்ல மறுத்துவிட்டார். நீதிமன்றமும் கடைசியில் அவரைத் தப்ப விட்டது. எதிர்த்துக் கதைத்தவர்களுக்கு அடி விழ முதல் ஒரு கடிதம் வரும். வீட்டின் பெறுமதி கூடிவிட்டது, ஆகவே வரியும் கூடிவிட்டது என்று அதில் இருக்கும்.

இனி ஆஸ்பத்திரி. மொன்ற்கொமரி தெருப் பக்கம் போனவர்கள் மேட்டு நிலத்தில் நிற்கிற அந்தப் பெரிய கோபுரங்களைக் கண்டிருப்பீர்கள். இப்போது அவை வசதியானவர்களின் அடுக்குமாடி வீடுகள். 2004இல் ஆஸ்பத்திரி வேறிடம் போகும்வரை ஜேர்சி சிற்றி மெடிக்கல் சென்ரர் அங்கேதான் இருந்தது. அது ஹேக் கட்டியது. 1932இல் ஜனாதிபதி வேட்பாளராக ரூஸ்வெல்ற் வருவதை ஹேக் முதலில் விரும்பவில்லை, அல் ஸ்மித்தின் பக்கம் நின்றார். ரூஸ்வெல்ற் வென்றவுடன் உடனே திரும்பி, சீ கேர்ற் என்ற கடற்கரையில் ஒரு லட்சம் பேர் என்று சொல்லப்பட்ட கூட்டத்தைக் கூட்டிக் காட்டினார். ரூஸ்வெல்ற் அதை மறக்கவில்லை. பொருளாதார மந்த காலத்து நிவாரண வேலைப் பணம் வொஷிங்டனில் இருந்து ஹேக்கின் கையூடாகவே வந்தது. 1936 ஒக்ரோபரில் ரூஸ்வெல்ற் நேரில் வந்து அந்த ஆஸ்பத்திரியைத் திறந்து வைத்தார். அதற்கு முன்னரே, 1931இல், தாயாரின் பெயரில் மாக்கிறெற் ஹேக் மகப்பேற்று மருத்துவமனையைத் திறந்திருந்தார் ஹேக். நாட்டிலேயே அதிகமாகப் பிள்ளைகள் பிறந்த மருத்துவமனைகளில் அதுவும் ஒன்று. இயலாதவர்களிடம் காசு கேட்கமாட்டார்கள். நகரத்தின் தேவைக்கு அளவு மிஞ்சிய ஆஸ்பத்திரி, வரி கட்டுகிறவனின் முதுகில் ஏற்றிய சுமை என்று விமர்சித்தவர்கள் பலர். அவர்கள் சொன்னதிலும் உண்மை உண்டு.

நான் முதலில் குடியிருந்த மாடியின் கீழ்வீட்டில் ஒரு இத்தாலியக் கிழவர் இருந்தார். அவரும் அவருடைய சகோதரங்களும் அந்த மருத்துவமனையில்தான் பிறந்தவர்கள். தாய் சாகும்வரை ஹேக்குக்காக மெழுகுதிரி கொளுத்தினாவாம். தகப்பன் பழக்கடை வைத்திருந்தவர். வீட்டுக்குள் அரசியல் கதைத்தால் எழும்பிப் போய் யன்னலைச் சாத்திவிட்டு வருவாராம். ஒரே வீட்டுக்குள் இரண்டும் இருந்திருக்கின்றன. ஹேக்கைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் இருந்தும், அந்த மனுசனை எனக்கு விளங்க வைத்தது இந்தக் கிழவரின் கதைதான். யன்னல் சாத்துகிற அப்பாக்களை நாங்களும் கண்டு வளர்ந்தவர்கள்.

ஹேக்கைப் பற்றி அமெரிக்கா முழுக்கத் தெரிந்த ஒரு விசயம், தானே சட்டம் என்று அவர் சொன்னார் என்பது. அது எந்தச் சந்தர்ப்பத்தில் வந்தது என்பது பலருக்குத் தெரியாது. 1937 நவம்பரில் ஒரு தேவாலயக் கூட்டத்தில் அவரே சொன்ன கதை அது. பள்ளிக்கூடம் போக மறுத்துக் குழப்படி செய்த இரண்டு பெடியள் வேலைக்குப் போக விரும்பினார்கள். வயது காணாது, சட்டம் விடாது என்றார் அதிகாரி. சீர்திருத்தப் பள்ளிக்கு அனுப்புவதைவிட வேலை கொடுப்பது நல்லது என்று நினைத்த ஹேக், இங்கே சட்டம் நான்தான், வேலையைக் கொடு என்ற கருத்தில் சொல்லிவிட்டார். தானும் ஆறாம் வகுப்பில் துரத்தப்பட்டவர் அல்லவா, அந்தப் பெடியளில் தன்னைக் கண்டிருப்பார் என்பது என்னுடைய எண்ணம். ஆனால் பத்திரிகைகள் அந்தக் கதையை விட்டுவிட்டு அந்த ஒரு வசனத்தை மட்டும் தூக்கிக்கொண்டு போயின. அநியாயம் என்று சொல்லலாம்தான். ஆனால் அதே மாதத்தில் அவருடைய பொலிஸ் என்ன செய்யத் தொடங்கியது என்று பார்த்தால், அந்த வசனம் அவருக்கு நன்றாகவே பொருந்தியது.

தொழிற்சங்கங்களைச் சேர்த்து அமைத்த சி.ஐ.ஓ. என்ற அமைப்பு 1937 நவம்பரில் ஜேர்சி சிற்றியில் ஆள் சேர்க்க வந்தது. சங்கம் சேர்வது தொழிலாளியின் உரிமை என்று 1935ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது என்பதைத் துண்டுப் பிரசுரமாக அடித்துத் தெருவில் கொடுத்தார்கள். ஹேக்கோ தன் நகரத்தில் வேலைநிறுத்தக் கரைச்சல் இல்லை என்று தொழிற்சாலைக்காரருக்கு வாக்குக் கொடுத்து வைத்திருந்தார். பொலிஸ் பிரசுரத்தைப் பறித்தது, ஆட்களைப் பிடித்தது, சிலரை நகர எல்லைக்கு வெளியே கொண்டுபோய் விட்டது, சிலரை நியூ யோர்க் போகும் படகில் ஏற்றியது. கூட்டம் வைக்க அனுமதி கேட்டால், குழப்பம் வரும் என்று சொல்லி மறுத்தார்கள். அடுத்த வருடம் ஏப்ரல் 30ஆம் திகதி, சோசலிசக் கட்சித் தலைவர் நோர்மன் தோமஸ் ஜேர்ணல் ஸ்குவயருக்குப் பேச வந்தார். ஜனாதிபதித் தேர்தலில் நின்ற மனிதர் அவர். அவரையும் பொலிஸ் காரில் தள்ளி ஏற்றி, படகில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கு நாங்கள் நியூவார்க் அவனியூவில் கத்தரிக்காயும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு பாத் ரெயினுக்கு நடந்து போகிற அதே ஜேர்ணல் ஸ்குவயர்தான்.

வழக்கு வொஷிங்டனுக்குப் போனது. 1939 ஜூன் 5ஆம் திகதி உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டு என்று ஹேக்குக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தெருவும் பூங்காவும் யாருடைய பெயரில் இருந்தாலும், சனம் கூடுவதற்கும் கருத்துச் சொல்வதற்கும் பழங்காலம் தொட்டு உரியவை, அதிகாரி ஒருவர் தன் மனம் போனபடி அனுமதி மறுக்க முடியாது என்பது அதன் சாரம். ஹேக்கின் பெயரிலேயே அந்த வழக்கு இன்றும் சட்டப் புத்தகங்களில் இருக்கிறது. 2009இல் நாங்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு நியூ யோர்க்கில் ஐ.நா. கட்டிடத்துக்கு முன்னால் பதாகையோடு நின்றபோது பொலிஸ் எங்களைக் கலைக்காமல் தடுப்புக் கம்பி வைத்து இடம் பிரித்துத் தந்தது. எல்லாரும் ஆச்சரியப்பட்டோம். அந்த உரிமை எங்கே உறுதியானது என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு வாசித்துத்தான் அறிந்தேன், ஆற்றுக்கு இந்தப் பக்கத்தில் துண்டுப் பிரசுரம் கொடுத்து அடிவாங்கிய ஆட்களும் அதற்குக் காரணம் என்று.

தீர்ப்புக்குப் பிறகும் ஹேக் விழவில்லை. 1937 தேர்தலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வோட்டு எடுத்தவர் அல்லவா. ஏறக்குறைய மூன்று லட்சம் சனம் இருந்த நகரத்தில் இத்தனை வோட்டு எப்படி வந்தது என்று கேட்டால், செத்தவர்களும் சுடலையில் இருந்து எழும்பி வந்து போட்டுவிட்டுப் போவார்கள் என்று பகிடி சொல்வார்கள். 1939இல் சட்டப் பட்டத்தை முடிக்காத தன் மகனை மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக்க வைத்தார். அதுதான் பலருக்குத் தொண்டையில் சிக்கியது. 1940இல் தன் ஆதரவோடு ஆளுநராக்கிய சாள்ஸ் எடிசன், மின்விளக்கு எடிசனின் மகன், பதவிக்கு வந்ததும் ஹேக்கின் சொல்லைக் கேட்க மறுத்தார். ஆளுநர் டிரிஸ்கோலின் காலத்தில் 1947இல் மாநிலத்துக்குப் புதிய அரசியலமைப்பு வந்து நீதிமன்றங்கள் திருத்தி அமைக்கப்பட்டன. புதிய தலைமை நீதியரசர் ஆதர் வண்டர்பில்ற், ஹேக்கின் பழைய எதிரி. அந்தப் பக்கத்துக் கதவு மூடிவிட்டது.

1947 ஜூனில், எழுபத்தொரு வயதில், ஹேக் திடீரென்று மேயர் பதவியை விட்டார். அந்தக் கதிரையில் தன் சகோதரியின் மகன் பிராங் ஹேக் எகர்ஸை இருத்தினார். அதிகாரம் தன் கையிலேயே இருக்கும் என்பது கணக்கு. இரண்டாம் வட்டாரத் தலைவராக இருந்த ஜோன் கெனிக்கு இது பிடிக்கவில்லை. ஓம், அந்தத் தவறணைக்காரரின் மகன்தான். குள்ளமான, எல்லாரோடும் சிரித்துக் கதைக்கிற மனிதர். அடுத்தது தான்தான் என்று அவர் நினைத்திருந்தார். அவருக்குச் சனத்திடம் செல்வாக்குக் கூடுவதைக் கண்டு 1948இல் வட்டாரத் தலைமையில் இருந்தும் கழற்றிவிட்டார்கள். ஹேக் செய்த பெரிய பிழை இது என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பெரிய பிழை அதற்கு முப்பது வருடம் முந்தியே தொடங்கிவிட்டது.

ஹேக் மேயராக இருந்த காலத்தில் நகரம் மாறிவிட்டது. போலந்துக்காரர், இத்தாலியர், ஸ்லோவாக்கியர் என்று வந்து நிறைந்துவிட்டார்கள். அவர்களுக்கும் நிலக்கரி கிடைத்தது, ஆஸ்பத்திரி கிடைத்தது, தெருக்கூட்டுகிற வேலையும் கிடைத்தது. ஆனால் மேலே உள்ள கதிரைகள் பெரும்பாலும் அயர்லாந்துப் பெயர்களுக்குத்தான். ஒரு காலத்தில் லாடத்துக்குள் அடைபட்டுக் கிடந்த சனம் மேலே ஏறியவுடன் ஏணியை இழுத்துக்கொண்டது. பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. போலந்துக்காரரின் பிள்ளைகளும் இத்தாலியரின் பிள்ளைகளும் அமெரிக்கச் சீருடை போட்டுச் சண்டைக்குப் போய்த் திரும்பி வந்தார்கள். சர்வாதிகாரிகளை எதிர்த்துச் சண்டை பிடித்துவிட்டு வந்தவன், தன் தெருவில் வட்டாரத் தலைவனுக்குத் தொப்பி தூக்க வேண்டுமா என்று கேட்டான்.

கெனி இதைக் கண்டுகொண்டார். 1949 மே மாதத் தேர்தலுக்கு ஐந்து பேர் அணி ஒன்றைக் கட்டி அதற்குச் சுதந்திர அணி என்று பெயர் வைத்தார். அந்த ஐவரையும் பாருங்கோ: கெனியும் ஜேம்ஸ் மறேயும் அயர்லாந்து வழி. லூயிஸ் மெசானோ இத்தாலியர். சாள்ஸ் விற்கோவ்ஸ்கி போலந்து வழி. டொனால்ட் ஸ்பென்ஸ் றிப்பப்ளிக்கன் கட்சிக்காரர். கட்சிச் சின்னம் இல்லாத வாக்குச் சீட்டில் பெயர்தான் சின்னம். ஐந்து வோட்டும் ஒரே அணிக்குப் போடலாம் என்பதால், விற்கோவ்ஸ்கி என்ற பெயரைத் தேடி வந்த போலந்துக்காரன் மற்ற நாலு பேருக்கும் போட்டுவிட்டுப் போவான். இத்தாலியனும் அப்படியே.

கூட்டங்களுக்குச் சனம் பயமில்லாமல் வரத் தொடங்கியது. நகரசபை உத்தியோகத்தர் பகலில் எகர்ஸுக்குத் தலையாட்டிவிட்டு இரவில் கெனிக்குக் காசு கொடுத்தார்கள். ஹேக்கும் நேரே இறங்கி வேலை செய்தார். ஆனால் அவர் பிறந்த அந்த இரண்டாம் வட்டாரத்திலேயே கூக்காட்டினார்கள். இருபது வயதில் 75 டொலரோடு கைகுலுக்கித் திரிந்த தெருக்கள் அவை. மே 10ஆம் திகதி வாக்கெடுப்பு. சுதந்திர அணி ஐந்து இடங்களையும் பிடித்தது. அன்றிரவு சனம் தெருவில் இறங்கிக் கொண்டாடியது. கீழ்வீட்டுக் கிழவருக்கு அப்போது பதினேழு வயதாம். தகப்பன் ஐந்து வோட்டையும் யாருக்குப் போட்டார் என்று எத்தனை தரம் கேட்டும் சொல்லவில்லையாம். ஆனால் அன்றிரவு யன்னல் திறந்திருந்ததாம்.

அந்த 1949 எங்களுக்கும் ஒரு கணக்குள்ள வருடம். யாழ்ப்பாணம் மாநகரசபையாகித் தன் முதல் மேயராக சாம் சபாபதியைக் கண்டது அந்த வருடம். மலையகத் தமிழ்ச் சனம், முதல் வருடத்துக் குடியுரிமைச் சட்டத்தின் தொடர்ச்சியாக, வாக்காளர் இடாப்பில் இருந்து விழுத்தப்பட்டதும் அந்த வருடம். டிசம்பரில் தந்தை செல்வா தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இங்கே குடியேறி வந்தவர்களின் பிள்ளைகள் வோட்டுப் போட்டு ஒரு பெரிய ஆளை இறக்கிய அதே காலத்தில், அங்கே தேயிலைத் தோட்டத்தில் தலைமுறையாக உழைத்தவர்களிடம் இருந்து வோட்டைப் பறித்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைக்க வேண்டியிருந்தது.

கெனி வந்ததும் பாலும் தேனும் ஓடியது என்று நினைக்க வேண்டாம். 1953 கடைசியில், துறைமுகச் சண்டியர்களோடு தொடர்பு என்ற விவகாரத்துக்குப் பின்னர் மேயர் பதவியை விட்டார். ஆனால் பின்னால் இருந்து ஹேக் மாதிரியே நூல் இழுத்துக்கொண்டிருந்தார். 1970களின் தொடக்கத்தில் ஹட்சன் மாவட்ட ஊழல் வழக்குகளில் மாட்டி, வரி ஏய்ப்பை ஒப்புக்கொண்டு தண்டனை பெற்றார். சுதந்திர அணி என்ற பெயர் என்னவாயிற்று என்று கேட்கிறவர்கள் 1917இல் ஹேக் வைத்த பெயரையும் திரும்ப ஒருக்கால் பார்க்கலாம். ஆனால் ஒன்று மட்டும் பழைய இடத்துக்குத் திரும்பிப் போகவில்லை. விற்கோவ்ஸ்கி 1957இல் மேயராக வந்தார். ஐவர் ஆணையாளர் முறையையும் சனம் வாக்களித்து மாற்றியது. மேயரையும் சபையையும் நேரே தெரிவு செய்யும் முறைப்படி 1961இல் இத்தாலியில் பிறந்த தோமஸ் கன்ஜெமி மேயரானார். இரண்டு வருடம் கழித்து, 1963இல், அந்த மனுசன் அமெரிக்கக் குடியுரிமையே எடுத்திருக்கவில்லை என்பது வெளியே வந்து பதவி விலகினார். குடிவரவு அலுவலகத்தில் கோப்புக் காணவில்லை என்று நாங்கள் படுகிற பாட்டை நினைத்து இதை வாசித்தபோது சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஹேக் தோல்விக்குப் பிறகு அதே வருட ஆளுநர் தேர்தலில் கடைசியாக ஒருவரை நிறுத்திப் பார்த்தார், அதுவும் தோல்வி. கட்சிப் பதவிகளும் கைவிட்டுப் போயின. பிறகு பெரும்பாலும் ஆற்றுக்கு அப்பால், பார்க் அவனியூ வீட்டில்தான் இருந்தார். நோர்மன் தோமஸைப் படகில் அனுப்பிய அதே கரை. 1956ஆம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி அங்கே காலமானார். எண்பது வயதுக்குப் பதினாறு நாள் குறைவு. உடலை ஜேர்சி சிற்றிக்குக் கொண்டு வந்து ஹோலி நேம் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். ஒரு காலத்தில் ஒரு லட்சம் பேரைக் கூட்டியவரின் சவ ஊர்வலத்தில் எதிர்பார்த்த கூட்டம் இல்லை. பெட்டி போகும்போது தொப்பி கழற்றியவர்களும் கொஞ்சப் பேர்தானாம். வயதான ஒரு பெண்மணி ஒரு கையில் அமெரிக்கக் கொடியும், அவருடைய பாவம் நிறைந்த பேராசை பிடித்த ஆன்மாவுக்குக் கடவுள் இரங்கவேண்டும் என்று எழுதிய மட்டையுமாகத் தெருவோரத்தில் நின்றா. அவவை யாரும் படகில் ஏற்றி அனுப்பவில்லை.